பருப்பு வேகும் தண்ணீர்

பாளையங்கோட்டையில் அம்மா குடியிருக்கும் தெருவில் ஒரு நாட்டு வாதுமை மரம் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அது பாதாம் மரம். இலை உதிரும் மாதங்களில் அகல அகலமான இலைகள் நன்றாகச் சிவந்து, பொத்துப் பொத்தென்று தெருவில் விழும். போன முறை ஊருக்கு வந்திருந்தபோது, காலையில் பால் வாங்கிவிட்டுத் திரும்புகையில் அதில் ஒன்றைக் குனிந்து எடுத்தேன். பூச்சி அரித்திருக்கிறதா, காக்கை எச்சம் பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல இலை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா, "கீழ கெடக்க சருகுல என்னத்தத் தேடுதீய?" என்றார்கள். "சும்மாதான்க்கா" என்று சொல்லி வைத்தேன். மெல்பர்னில் இதே சருகைப் பத்து பத்தாகப் பொட்டலம் கட்டி விற்பார்கள், வண்ணமீன் கடையில் டாலர் கொடுத்து வாங்கியவள் நான் என்று சொன்னால், எதற்கு என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல, எங்கள் வீட்டில் பல வருஷம் இருந்த ஒரு மெக்சிகோக்காரியின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குள் பால் திரிந்துவிடும்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு டிசம்பர் மாதம். ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூட வருஷம் டிசம்பரில்தான் முடியும். நாலாம் வகுப்பில் இருந்த என் மகனின் வகுப்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஓர் ஆக்சலாட்டிலும் இருந்தன. ஆசிரியை வேறு ஊருக்குப் போவதால், தொட்டியை யார் வீட்டுக்கு எடுத்துப் போவது என்று கேட்டிருக்கிறார். வகுப்பு மொத்தமும் கை தூக்கியதாம். இவன் பெஞ்சின்மேல் ஏறி நின்றானாம். பெற்றோர் கையெழுத்துக்காக வந்த தாளில் வழக்கம்போல நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடி போட்ட வாளி ஒன்று எங்கள் காரில் ஏறியது.

அந்தக் காலத்தில் அங்கே எல்லாருக்கும் அது "மெக்சிகன் வாக்கிங் ஃபிஷ்". கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் அது மீன் அல்ல. தவளைக்கும் தேரைக்கும் சொந்தம், சாலமாண்டர் வம்சம். மற்ற சாலமாண்டர்கள் பலவும் வளர்ந்ததும் செவுளை இழந்து கரையேறிவிடும். இது ஏறுவதில்லை. பிள்ளைப் பருவத்துச் செவுளோடேயே வளர்ந்து, முட்டையிட்டு, கிழமாகி, தண்ணீருக்குள்ளேயே முடிந்துபோகும். எங்களுடையது வெளிறிய ரோஜா நிறம். கழுத்தின் இரு பக்கமும் மும்மூன்று செவுள் காம்புகள், அவற்றில் ரத்தச் சிவப்பாக அலையும் இழைகள். முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் நூடுல்.

பொங்கல் கழிந்து அம்மா வந்து சேர்ந்தார்கள். முதல் தடவை விமானம் ஏறியவர்கள். வீட்டுக்குள் நுழைந்து, முகம் கழுவி, காப்பித் தம்ளரோடு கூடத்துக்கு வந்தவர்கள் தொட்டிமுன் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, இது பல்லியா மீனா?"

"ரெண்டும் இல்லம்மா."

"கண்ணுல இமையக் காணோமே. நம்மள முறைச்சிக்கிட்டுல்லா கெடக்கு."

இமை இல்லை என்பதை நான் அதுவரை கவனித்திருக்கவில்லை. மகன் தோட்டத்தில் தோண்டிய மண்புழுவை இடுக்கியில் பிடித்து உள்ளே நீட்டினான். நூடுல் வாயைத் திறந்த வேகம் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரோடு சேர்த்துப் புழு உள்ளே உறிஞ்சப்பட்டது. விவசாயி வீட்டில் பிறந்த அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "மண்புழுவப் போயியா? நிலத்துக்கு நல்லது பண்ணுத சீவனுல்லா அது" என்று பேரனைக் கடிந்தார்கள். அவன் தமிழில் யோசித்து, "இதுக்கும் நல்லது, ஆச்சி" என்றான்.

அம்மா பிறந்தது திசையன்விளைப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது சேரன்மகாதேவி. ஒரு பக்கம் நாக்கில் வைக்க முடியாத உப்புக் கிணறு, இன்னொரு பக்கம் தாமிரபரணி. பிறந்த வீட்டில் புழங்குவதற்கு ஒரு கிணறு, சோறு பொங்குவதற்கு என்று ஊர்க் கடைசியில் வேறொரு கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லாத நாளில் பருப்பு வேகாது, விதைவிதையாகக் கிடக்கும் என்பார்கள். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் அம்மா அந்த ஊர்த் தண்ணீரைப் பருப்பு வேகவைத்துத்தான் எடைபோடுவார்கள். குக்கரில் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, பாத்திரம்தான். வந்த இரண்டாம் நாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என்னட்டி தண்ணி இது? பருப்பு அந்தானைக்குக் கரைஞ்சு போச்சு!"

உண்மைதான். மெல்பர்னின் குடிநீர் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்காடுகளில் பெய்கிற மழை. சுண்ணாம்புச் சத்து அதில் மிகக் குறைவு. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக இருந்தால் அவை பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டினோடு பிணைந்து இறுக்கிவிடும். இல்லாவிட்டால் பருப்பு இளகும். அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் பிடித்துப்போயிற்று. தலைமுடி பட்டாக இருக்கிறது, சோப்பு நுரைக்கிறது, சாம்பார் ருசிக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அதே தண்ணீர் தொட்டியில் கிடந்தவளுக்கு ஏற்றதில்லை என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

தோல் உரிவதை முதலில் பார்த்தது அம்மாதான். விடிகாலை எழுந்து தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரும் வழக்கம் அதற்குள் வந்திருந்தது. "ஏட்டி, இங்க வா, இது சட்டை கழத்துதுட்டி" என்று கிசுகிசுத்துக் கூப்பிட்டார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். முன்காலின் விரல் நுனிகளில் ஒரு மெல்லிய படலம் தூக்கிக்கொண்டிருந்தது. நூடுல் ஓரடி முன்னால் எடுத்து வைத்தது, படலம் பின்தங்கிவிட்டது. நான்கு விரலும் முழுசாகத் தெரிகிற கண்ணாடிக் கையுறை ஒன்று தண்ணீரில் தனியாக மிதந்தது. அது தலையைத் திருப்பி, அந்தக் கையுறையை ஒரே உறிஞ்சில் விழுங்கிவிட்டு மறுபடி அசையாமல் இருந்தது.

"சட்டையத் தானே தின்னுட்டுது பாரு. பாம்புகூட அப்படிச் செய்யாது" என்றார்கள் அம்மா.

நீரிலும் நிலத்திலும் வாழும் இந்த வம்சம் முழுவதுமே மேல்தோலை அவ்வப்போது இப்படிக் கழற்றிப் போடுகிறது. பல இனங்கள் அதைத் தின்றும் விடுகின்றன. இவற்றுக்குத் தோல் என்பது வெறும் போர்வை அல்ல. மூச்சு விடுவதில் ஒரு பங்கு அதன் வழியாக. தண்ணீர் குடிப்பதும் வாயால் அல்ல, தோலால்தான். அவ்வளவு வேலை பார்க்கும் தோலில் அழுக்கும் நுண்ணுயிரும் சேர்ந்தால் ஆபத்து. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கரும்புத் தேரைகளை வைத்து 2012இல் எழுதிய கட்டுரை ஒன்று, சட்டை கழற்றியதும் தோலில் உள்ள பாக்டீரியா வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. குளித்துத் துடைத்துக்கொள்வது மாதிரி. ஆகவே அந்தக் கையுறை கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல. எப்போதோ ஒரு தடவை, மெல்லிசாக, முழுசாக வந்தால் ஆரோக்கியம் என்றே சொல்லலாம்.

பிப்ரவரியில் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. ஆக்சலாட்டில் குளிர்த் தண்ணீர்ப் பிராணி. 18 டிகிரி அளவில் சுகமாக இருக்கும், 20ஐத் தாண்டினால் தவிக்கும், 24 ஆபத்து. தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தின் விலை எங்கள் பழைய காரின் விலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா ஈரத்துணியைப் பிழிந்து கண்ணாடியைச் சுற்றிக் கட்டினார்கள். கண்ணாடிக்கு மண்பானையைப்போல வேர்க்காதே என்றேன். "அப்பம் மேல காத்து அடிக்கட்டும்" என்று, தனக்கு வைத்திருந்த மேசை விசிறியை எடுத்து வந்து தண்ணீர்ப் பரப்புக்கு நேராக வைத்தார்கள். அங்கே வெயில் காலத்தில் வடக்கிலிருந்து வருவது வறண்ட காற்று. தண்ணீர் விறுவிறுவென்று ஆவியாகி, வெப்பமானியில் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிட்டது. இதற்கென்றே விளிம்பில் மாட்டும் சின்ன விசிறிகள் கடையில் விற்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. தொட்டி மூடியைத் திறந்து வைத்ததால் அன்றைய ராத்திரி நூடுல் வெளியே குதித்துவிடுமோ என்று அம்மா தூங்கவே இல்லை.

வெயில் தணிந்த பிறகு வேறொரு காரியம் நடந்தது. நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அம்மா வீட்டைச் சுத்தம் செய்தார்கள். தொட்டிக்குப் பின்னால் வடிகட்டி மாட்டியிருக்கும். அதற்குள் ஒரு பஞ்சு. திறந்து பார்த்திருக்கிறார்கள். பழுப்பு நிறத்தில் வழவழவென்று, பிடித்தால் வழுக்குகிறது. இப்படிப்பட்ட அசிங்கத்தின் வழியாக வருகிற தண்ணீரிலா பிள்ளை கிடக்கிறது என்று, குழாயடியில் வைத்து, தேய்த்து, பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, புதுசாக்கித் திரும்ப மாட்டிவிட்டார்கள். சாயங்காலம் பெருமையோடு காட்டவும் செய்தார்கள். தொட்டித் தண்ணீர் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நூடுலின் உடம்பிலிருந்து வெள்ளை நாடாக்கள் தொங்கின. முன்பு பார்த்த கையுறை இல்லை இது. ஊறிப்போன காகிதம் கிழிவதைப் போலக் கிழிந்து, வழவழப்போடு தண்ணீரெல்லாம் மிதந்தது. செவுள் காம்புகள் முன்னால் வளைந்திருந்தன. வால்நுனி சுருண்டிருந்தது. புழுவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதலில் பூஞ்சை என்று நினைத்தோம். பூஞ்சையானால் செவுளில் பஞ்சுக் குச்சமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், இப்படி உரிந்து மிதக்காது என்றார் போனில் பேசிய கால்நடை மருத்துவர். "தண்ணீரைச் சோதித்தீர்களா?" என்று கேட்டார்.

சோதனைப் பெட்டி ஆசிரியை கொடுத்த சாமான்களோடு பிரிக்கப்படாமல் கிடந்தது. சின்னக் கண்ணாடிக் குழாய்கள், சொட்டு மருந்து பாட்டில்கள், ஒரு வண்ண அட்டை. மகன் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். 5 மில்லி தொட்டித் தண்ணீர். முதல் பாட்டிலிலிருந்து 8 சொட்டு, இரண்டாம் பாட்டிலிலிருந்து 8 சொட்டு. குலுக்கி ஐந்து நிமிஷம். அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சளாக நிற்க வேண்டும். எங்கள் கண்முன்னே அது பச்சையாகி, கரும்பச்சையாகிக்கொண்டே போனது. நாலு பேரும் அந்தக் குழாயையும் தெளிந்த தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தோம்.

மருத்துவர் விளக்கியது இதுதான். பிராணி தன் செவுள் வழியாகவே அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கும். அதற்குக் கண்ணுக்குத் தெரியும் நிறம் கிடையாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்ற இரண்டு வகை பாக்டீரியா வேண்டும். அவை குடியிருப்பது பஞ்சில். அந்தப் பழுப்பு வழவழப்பில் அவையும் அடக்கம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினே அவற்றுக்கு யமன். தேய்ப்பும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. இனி அந்தக் குடித்தனம் மறுபடி அமைய ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். அதுவரை பிராணியைத் தனியாக ஒரு டப்பில் வைத்து, தினமும் தண்ணீர் முழுவதையும் மாற்ற வேண்டும்.

நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா இடைமறிக்காமல் கேட்டார்கள். சங்கடப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "இத மொதல்லயே சொல்லிருக்கணும்லாட்டி நீ" என்றார்கள். "தூர் வாரின கெணத்துத் தண்ணிய நாங்க உடனே குடிக்க மாட்டோம். எறைச்சு ஊத்திப்போட்டு, நாலு நாள் ஊற விட்டுத்தான் எடுப்போம். பாசியும் மீனும் கெடந்தாத்தான் அது கெணறு. எனக்குத் தெரியாத சங்கதியா?" அன்றிலிருந்து டப்பின் பொறுப்பு முழுக்க அம்மாவுடையதாகிவிட்டது.

இரவு சாப்பாடு முடிந்ததும் இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து மூடாமல் வைப்பார்கள். எங்கள் பகுதிக் குழாயில் குளோரின் மட்டும்தான். ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். இருந்தாலும் மருத்துவர் சொல்படி குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் உண்டு. மறுநாள் காலையில் கையை விட்டுப் பார்ப்பார்கள். டப்புத் தண்ணீரில் ஒரு கை, வாளியில் ஒரு கை. இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தால்தான் மாற்றுவார்கள். வெப்பமானி பக்கத்திலேயே கிடக்கும், தொட மாட்டார்கள். நான் ரகசியமாகச் சரிபார்த்திருக்கிறேன். அரை டிகிரி வித்தியாசம்கூட இருக்காது. ஒரு நாள் மட்டும் சண்டை வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த செப்புச் சொம்பில் தண்ணீரை ஊற்றி வைத்து, அதை டப்பில் சேர்க்கப் போனார்கள். செம்பில் வைத்தால் கிருமி சாகும் என்பது சரியே. ஆனால் தண்ணீரில் கரையும் செம்பு இந்த வம்சத்தின் செவுளுக்கும் தோலுக்கும் நஞ்சு. "நமக்கு மருந்து, இதுக்கு வெசமா?" என்று நம்பாமல் சொம்பைத் திரும்ப எடுத்துப் போனார்கள்.

நடுவில் செவுளில் நிஜமாகவே பூஞ்சை பிடித்தது. டப்போடு குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். அப்போதெல்லாம் அதுதான் வைத்தியம்: 5 முதல் 8 டிகிரி குளிரில் பிராணியின் உடம்பு மெதுவாக இயங்கும், பூஞ்சையும் பரவாது. இப்போது வளர்ப்பவர்கள் பலர் அதை வேண்டாம் என்கிறார்கள். இட்லி மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு தட்டைக் காலி செய்து டப்பை வைத்தோம். அம்மாவுக்குத் தீட்டு, துப்புரவு எல்லாம் உண்டு. ஆனால் முகம் சுளிக்காமல் மாவைத்தான் வெளியே எடுத்து வைத்தார்கள். "பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லாத நேரத்துல மாவு புளிச்சா புளிச்சுட்டுப் போகுது." சனியன், பல்லி என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது எப்போது பிள்ளை ஆனது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தேயிலைச் சாறு, பாதாம் இலை எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் வந்தன. காய்ந்த இலையை ஊறவைத்தால் துவர்ப்புச் சத்து இறங்கித் தண்ணீர் வெளிர் தேநீர் நிறமாகும். அது பூஞ்சையை மட்டுப்படுத்தும், புண்ணான தோலுக்கு இதம் என்பது வளர்ப்பவர்களின் அனுபவம். நான் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்ததும் அம்மா ஓர் இலையை எடுத்து முகர்ந்தார்கள். குயின்ஸ்லாந்தில் விளைந்த இலை. விலையைக் கேட்டார்கள். நான் டாலரில் சொன்னேன். ரூபாயில் சொல் என்றார்கள். சொன்னதும் சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "நம்ம பள்ளிக்கூடத்து வாசல்ல கூட்டித் தீ வைப்பாவளே, அந்தச் சருகா?"

பூஞ்சை ஆறியது; பஞ்சும் மெல்ல மெல்லப் பழுப்பானது. ஆனாலும் தொட்டிக்குத் திரும்பிய பிறகும் படலம் அடிக்கடி கழன்றுகொண்டிருந்தது. இந்தத் தடவை மருத்துவர் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கச் சொன்னார். அட்டையின் கடைசிக் கட்டத்துக்கும் கீழே இருந்தது. சாம்பாருக்கு ஆகிற அந்த மெதுவான தண்ணீர்தான் வில்லன். உப்பே இல்லாத தண்ணீர் தோல் வழியாக உள்ளே புகுந்துகொண்டே இருக்கும்; உடம்பின் உப்பு வெளியே கசியும். அதை ஈடுகட்டும் உழைப்பிலேயே பிராணி இளைக்கும். போதாததற்கு, தாங்கும் சத்து இல்லாத தண்ணீரில் பி.எச். இறங்கிவிடும், பாக்டீரியாவும் சுணங்கும். பரிகாரம் எளிது: நொறுக்கிய சிப்பி, கிளிஞ்சல் ஒரு பையில் கட்டி வடிகட்டிக்குள் போட வேண்டும். கிளிஞ்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிணற்றில் சுண்ணாம்பு போடுவதும், உவர்ப்புக்கு நெல்லிக்கட்டையை இறக்குவதும் அவர்கள் வீட்டு வழக்கம். "ஒங்க டாக்டரு எங்க அப்பா சொன்னதச் சொல்லதுக்கு எத்தன டாலரு வாங்குனாரு?"

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பி.எச். 7இலிருந்து 8க்குப் போனால், அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். அழுக்குத் தண்ணீரில் கிளிஞ்சலைப் போட்டால் மருந்தே கொன்றுவிடும். ஆகவே முதலில் தண்ணீரை மாற்றி, குழாய் மஞ்சளாக நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். சில வாரங்களில் நாடாக்கள் நின்றுபோயின. செவுள் இழைகள் மறுபடி அடர்ந்தன.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அம்மா கேட்டார்கள்: "இதுக்குச் சொந்த ஊரு எது? அங்க தண்ணி எப்படி?" யாரைப் பார்த்தாலும் ஊரும் தண்ணீரும் விசாரிக்காமல் அவர்களால் இருக்க முடியாது. மெக்சிகோ நகரத்தின் தெற்கே சொச்சிமில்கோ என்று ஓர் ஏரி இருந்தது, இப்போது கால்வாய்களாக மிஞ்சியிருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்த சால்கோ ஏரியை வற்றவைத்துவிட்டார்கள். 1864இல் பிரெஞ்சுக்காரர்கள் 34 ஆக்சலாட்டில்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஆறு ஓகுஸ்த் துமேரில் என்ற விலங்கியலாளரிடம் வந்து பல்கிப் பெருகின. உலகத்துச் சோதனைச்சாலைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஆறின் வழி வந்தவை. அப்படியென்றால் நம் நூடுலும் பாரிஸ்காரிதானே என்றான் மகன். சொந்த ஊரில் ஏரிக்கு நீர் தந்த ஊற்றுகளைக் குழாய் போட்டு நகரத்துக் குடிநீருக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்று கால்வாய்க்கு வருவது சுத்திகரித்த கழிவுநீர். வளர்க்க விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையைத் தின்றன. 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6000 என்று கணக்கிட்டார்கள். 2014 கணக்கில் 36. இந்தக் கடைசி எண் நான் பின்னாளில் படித்தது. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னது ஊற்றும் கழிவுநீரும் வரைக்கும்தான். "தாமிரவருணியிலயும் அதத்தான பண்ணுதாவ" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனார்கள்.

விசா முடிந்து அம்மா ஊருக்குப் போனார்கள். நூடுல் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தது. ஒரு முறை பின்கால் விரல் ஒன்றை எங்கோ இழந்துவிட்டு, சில வாரங்களில் புதிதாக முளைக்க வைத்துக்கொண்டது. மகன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது முதுமையில் போய்ச் சேர்ந்தது. அம்மாவிடம் போனில் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

இப்போது மெக்சிகன் வாக்கிங் ஃபிஷ் என்று சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. 2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஆக்சலாட்டில் வந்தது. அதே வருஷம் மெக்சிகோவின் 50 பெசோ நோட்டிலும் வந்தது. பொம்மை, காலுறை, புத்தகப்பை எல்லாவற்றிலும் அந்தச் சிரித்த முகம். கடைகளில் முன்புபோலக் கூழாங்கல் போட்ட தொட்டியில் வைப்பதில்லை. கல்லை விழுங்கிச் செத்துப்போகும் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வாங்க வருபவர்களிடம் தண்ணீரை முதலில் தயார்செய்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். பாதாம் இலை விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

மகன் இப்போது பிரிஸ்பேனில் வேலை பார்க்கிறான். அந்த வெக்கை ஊரில், குளிர்விக்கும் இயந்திரத்தோடு, கறுப்பு நிறத்தில் இரண்டு ஆக்சலாட்டில்கள் வைத்திருக்கிறான். போன முறை பாளையங்கோட்டையில் இருந்தபோது வீடியோவில் கூப்பிட்டு ஆச்சியிடம் காட்டினான். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்.

"ஏலே, தண்ணிய ராத்திரியே பிடிச்சு வைக்கியா?"

"இங்க அது பத்தாது ஆச்சி. இங்க குளோரின் இல்ல, குளோரமின். தொறந்து வச்சாலும் போகாது. மருந்து ஊத்தித்தான் ஆகணும்."

"அது யாரு, குளோரினுக்குத் தம்பியா?"

"ஆமா. வீட்ட விட்டுப் போகாத தம்பி."

"பஞ்சக் குழாயடில கொண்டு போயிக் கழுவிராத. தொட்டித் தண்ணியிலயே அலசு."

"தெரியும் ஆச்சி." அவன் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பாடுபட்டான்.

"கிளிஞ்சல் போட்டியா?"

"வேண்டாம் ஆச்சி. இந்த ஊர்த் தண்ணி மெல்பர்ன விடக் கடினம். இதுகளுக்குச் சரியா இருக்கு."

அம்மா யோசித்தார்கள். "அப்பம் பருப்பு வேகாதே. என்ன பண்ணுத?"

"டின்ல வேகவச்சதே கிடைக்கு, ஆச்சி. தொறந்து சூடு பண்ணினாப் போதும்."

அம்மா போனை என் கையில் திணித்தார்கள். "நீயே பேசு அவன்கிட்ட" என்றார்கள். "மிருகத்துக்கு இவ்வளவு பாக்கான். டின்னுல அடைச்ச பருப்பத் திங்கானாம்."